திருப்பிப் போட்ட லென்ஸ்

செஞ்சிக்குச் செல்வோர் அனைவரும் அண்ணாந்தே பார்க்கின்றனர். சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியையும் கல்யாண மகாலையும் படம் பிடித்துத் திரும்புகின்றனர். 2025-ல் அக்கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றதல்லவா? கூட்டத்துக்குக் கேட்பானேன்!

நம்முடன் வந்த சிறுமியோ குனிந்து பார்த்தாள். மதிற்கல்லில் கற்பாசி, அதன்மேல் ஓர் எறும்பு. “மாமா, இதைப் பெரிதாக எடுக்க முடியாதா?” என்றாள். அதற்கென்றே விற்கும் லென்ஸின் விலையை எண்ணி வாயடைத்து நின்றோம்.

வீடு திரும்பியதும் பரணிலிருந்த பழைய பிலிம் காமிரா நினைவுக்கு வந்தது. அதன் 50 மில்லிமீட்டர் லென்ஸை முன்பின்னாகத் திருப்பி, அதற்குரிய வளையத்தால் புதிய காமிராவில் பூட்டினோம். சுவர் எறும்பு பூதாகாரமாய்த் தெரிந்தது! திருப்பாமல், லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் நீளக் குழாயைச் செருகினாலும் போதும். உள்ளே எறும்பின் பிம்பம் எறும்பளவே விழும். அச்சிடும்போது எவ்வளவும் பெருக்கலாம்.

ஒளித் துவாரத்தைக் கையால் சுருக்கும் வளையமுள்ள லென்ஸே உகந்தது. தெளிவாக விழும் ஆழம் மிகச் சொற்பம். ஆகவே காமிராவையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தவேண்டும். திருப்பிய லென்ஸின் பின்கண்ணாடி வெளியே நிற்பதால் கல்லில் உராயலாகாது.

எழுத்தாளர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை இணைத்த கருவியால் காட்டு யானைகளைப் படமெடுத்தார். யானைக்கு உதவிய யுக்தி எறும்புக்கு உதவாதா? அடுத்த முறை செஞ்சிக்குப் போகுமுன் பரணில் ஏறிப் பாருங்கள்.