உர உப்புக்குள் இடம் தேடும் ஹைட்ரஜன்

காய்கறிச் செடிகளுக்கு நீரில் கரைத்துத் தெளிக்கும் உரங்களில் ஒன்று எம்.கே.பி. எனப்படும் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். இதே உப்பைத் தெளிந்த படிகமாக வளர்த்தால், லேசர் ஒளியின் நிறத்தை மாற்றப் பயன்படுகிறது. அதற்கு இன்னொரு வியப்பான குணமும் உண்டு.

சூரிக் நகரில் புஷ், ஷெரர் எனும் ஆய்வாளர்கள் 1935இல் அதைக் கண்டறிந்தனர். சுமார் மைனஸ் 150 பாகை செல்சியஸுக்குக் குளிர்ந்ததும், படிகத்தில் நேர்மின்னும் எதிர்மின்னும் தாமாகவே இரு பக்கமாக விலகி நிற்கின்றன.

காரணம் ஹைட்ரஜன். இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவே பாலமாக இருக்கும் அதற்கு, அமர இரண்டு இடங்கள் உண்டு. வெப்பத்தில் இங்கும் அங்கும் தாவும். குளிரில் ஓரிடத்தில் அடங்கிவிடும்.

இதை எப்படி அறிவது? எக்ஸ்ரேயில் ஹைட்ரஜன் மங்கலாகவே தெரியும். இங்கே உதவுவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவிக்கு அடிப்படையும் இதுதான். படிகத்தை வலுவான காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலை செலுத்தி, அணுக்கரு தரும் பதிலைப் பதிவு செய்கிறார்கள். அணு தாவும்போது இரு இடங்களின் சராசரியே பதிவாகும். அடங்கியதும் பதிவுக் கோடுகள் பிரிந்துவிடும்.

ஹைட்ரஜனுக்குப் பதிலாக இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியத்தைச் சேர்த்தால், மாற்றம் நிகழும் வெப்பநிலை சுமார் 100 பாகை உயர்கிறது. வேதியியலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, எடைதான் வேறு. மிகச் சிறிய அணுவின் எடை, முழுப் படிகத்தின் போக்கையே மாற்றிவிடுகிறது. அது எடையால் நேரடியாக நிகழ்கிறதா, பிணைப்பின் நீளம் மாறுவதாலா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது.