டிரான்சிஷன் போட்டதும் வீடியோ திக்குகிறதா? சிவப்புக் கோடு சொல்வது என்ன?

இரண்டு ஷாட்களுக்கு நடுவே ஒரு 'கிராஸ் டிசால்வ்' போட்டு பிளே செய்தால், அதுவரை சீராக ஓடிய வீடியோ அந்த இடத்தில் மட்டும் திக்கித் திக்கி ஓடும். டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு வேறு. 'வீடியோ கெட்டுப்போச்சா, புது கம்ப்யூட்டர் வாங்கணுமா?' என்று எடிட்டிங் கற்பவர்கள் பதறுவது இங்கேதான். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை.

ஏன் திக்குகிறது?

சாதாரண 'கட்'டில் ஒரு ஷாட் முடிந்ததும் அடுத்தது தொடங்கும். ஒரு நேரத்தில் ஒரு ஷாட்டைக் காட்டினால் போதும். டிரான்சிஷனில் இரண்டு ஷாட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட வேண்டும்.

நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் 1 நொடி டிசால்வ் என்றால், 25 புதுப் படங்கள். இவை நீங்கள் ஷூட் செய்த எந்த ஃபைலிலும் கிடையாது. மென்பொருள் அப்போதைக்கப்போது கலந்து உருவாக்குபவை. ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் வெறும் 40 மில்லி செகண்ட். அதற்குள் முடியாவிட்டால் சில ஃபிரேம்களை விட்டுவிட்டு ஓடும். அதுதான் நாம் பார்க்கும் திக்கல்.

கோடுகளின் அர்த்தம்

அடோபி பிரீமியர் புரோவில்,

சிவப்பு: ரெண்டர் செய்யாமல் சீராக ஓடாமல் போகலாம்.

மஞ்சள்: ரெண்டர் ஆகவில்லை, ஆனாலும் சீராக ஓட வாய்ப்பு அதிகம்.

பச்சை: ரெண்டர் முடிந்தது.

ரெண்டர் என்றால், கலந்த படங்களை முன்கூட்டியே தயாரித்துத் தனி ஃபைலாக வைத்துக்கொள்வது. அவ்வளவுதான். அந்த இடத்துக்கு இன், அவுட் குறித்துவிட்டு எண்டர் தட்டினால் போதும். பிறகு டிரான்சிஷனை மாற்றினால் பச்சை போய்விடும். மறுபடியும் ரெண்டர் செய்ய வேண்டும்.

அவசரத்துக்கு, பிளேபேக் ரெசல்யூஷனை 1/2 அல்லது 1/4 ஆகக் குறைக்கலாம். திரையில் தெரிவது மட்டும்தான் மங்கும். எக்ஸ்போர்ட் ஆகும் வீடியோவின் தரம் குறையாது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ரெண்டர் முடிந்து பச்சை வந்த பிறகும் படம் ஒரு கணம் உறைந்து நிற்கிறதா? அது பிரிவியூ பிரச்சினை இல்லை. எக்ஸ்போர்ட்டிலும் அப்படியே வரும்.

காரணம், ஷாட்டின் ஓரத்தில் மிச்சக் காட்சி இல்லாதது. கட்டுக்கு நடுவில் 1 நொடி டிசால்வ் போட்டால், இரு ஷாட்டிலும் கட்டைத் தாண்டி சுமார் அரை நொடி கூடுதல் காட்சி வேண்டும். இல்லையென்றால் கடைசி ஃபிரேமையே மென்பொருள் திரும்பத் திரும்பக் காட்டும். டைம்லைனில் அந்த டிரான்சிஷன் மீது சாய்கோடுகள் தெரியும்.

தீர்வு எளிது. டிரான்சிஷன் நீளத்தைக் குறைக்கலாம், அல்லது ஷாட்டைக் கொஞ்சம் டிரிம் செய்யலாம். அடுத்த முறை ஷூட் செய்யும்போது, காட்சி முடிந்த பிறகும் 2 நொடி கூடுதலாக ஓடவிட்டு 'கட்' சொன்னால் இந்தத் தலைவலியே வராது.

அதனால் திக்கினால் முதலில் ரெண்டர் செய்து பாருங்கள். கம்ப்யூட்டரைக் குறை சொல்வது அதற்கப்புறம்!