புளியங்கொட்டையும் குடிலின் ஆடுகளும்

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்து ஞாயிறொன்றில், திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தோம். தந்தை ஒருவர் தம் நான்கு வயது மகனை அழைத்து வந்து, “சுவாமி, இவன் நூறு வரை தடையின்றிச் சொல்வான்” என்றார். சிறுவனும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். பாராட்டிய நாம், “தம்பி, குடிலுக்கு வைத்திருக்கும் ஆடுகளில் ஐந்தை எடுத்து வா” என்றோம். அவன் இரு கைகளிலும் அள்ளி வந்தான். தந்தையின் முகம் கறுத்தது, கை ஓங்கிற்று. அக்கையை நாம் பற்றிக்கொண்டோம்.

பிழை பிள்ளையுடையதன்று. எண்ணுவதற்கு மூன்று தேர்ச்சிகள் வேண்டும்: எண்களை முறை மாறாமல் சொல்லுதல், ஒரு பொருளுக்கு ஓர் எண் எனப் பொருத்துதல், இறுதியிற் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என உணர்தல். அச்சிறுவனுக்கு முதலாவது மட்டுமே கற்பிக்கப்பட்டிருந்தது. ஏனைய இரண்டும் நாவினால் வருவனவல்ல, கையினால் வருவன.

இவ்வுண்மையை உலகுக்குச் செயலிற் காட்டியவர்களுள் ஒருவர், கத்தோலிக்கப் பெண்மணியான மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 சனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆயினும், நம் இல்லங்களுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஆண்டின் பருவங்களே அவற்றை வாசலில் கொணர்ந்து வைக்கின்றன.

மாசி, பங்குனியில் புளி உடைக்கிறோம். கொட்டைகளைக் கழுவிக் குழந்தையிடம் கொடுங்கள். ஒரு பிடி அள்ளி, எத்தனை இருக்குமென ஊகிக்கச் செய்து, பிறகு எண்ணச் சொல்லுங்கள். ஐந்து கொட்டைகளை நெருக்கமாகவும், வேறு ஐந்தை இடைவெளி விட்டும் இரு வரிசைகளாக வையுங்கள். நீண்ட வரிசையிலேயே மிகுதி என்பான். சினம் வேண்டாம். இவ்வயதுப் பிள்ளைகளுக்கு இது இயல்பென்று சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே 1941-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். கொட்டைக்குக் கொட்டை இணை சேர்த்து விளையாடட்டும். நாளடைவில் தானே கண்டுகொள்வான். மிகச் சிறு குழந்தைகள் அவற்றை வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொள்ளக்கூடும். பெரியவர் உடனிருத்தல் கட்டாயம்.

குருத்து ஞாயிறன்று ஓலைச் சிலுவை செய்கையில், எது நீளம், எது குட்டை, சரிபாதி எது எனக் கேளுங்கள். கோடையில் நுங்கு சீவும்போது காய்க்கு எத்தனை கண்கள் என எண்ணட்டும்; பெரும்பாலும் மூன்றிருக்கும், சிலவற்றில் இரண்டே இருக்கும். வீட்டில் உள்ளோர்க்கு ஆளுக்கொன்றாகப் பங்கிடும் பொறுப்பையும் அவனிடமே தாருங்கள். பகிர்ந்துண்ணும் பண்பும் கணக்கும் ஒருங்கே வளரும்.

ஐப்பசி மழையில் முற்றத்தில் ஒரு தகரக் குவளையை வையுங்கள். காலையில் ஈர்க்குச்சியை அதில் நிறுத்தி, நனைந்த அளவுக்கு ஒடித்துச் சேமித்தால், எந்நாள் மழை மிகுதி என்பதை ஒப்பிடலாம். திருவருகைக் காலத்திலோ நான்கு மெழுகுதிரிகள் உள்ளன. ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் ஏற்றியபின், “எரிவது எத்தனை? எஞ்சியது எத்தனை?” என்று கேளுங்கள். கூட்டலும் கழித்தலும் அங்கே தொடங்கிவிடுகின்றன.

பெற்றோரே, இவை யாவும் விளையாட்டாகவே இருக்கட்டும், தேர்வாக மாறவேண்டாம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். தவறினால், “எப்படிக் கண்டாய்?” என்று அன்போடு கேளுங்கள். அடிக்கு அஞ்சிக் கற்ற எண், ஆயுள் முழுதும் அச்சமாகவே நிற்கும்.

அத்தந்தை நம் சொல்லைத் தள்ளவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய மாலை, பன்னிரண்டு வைக்கோல் துரும்புகளை நறுக்கி மகனிடம் தந்து, ஆட்டுக்கு ஒன்றாக வைக்கச் சொன்னார். சிறுவன் ஒவ்வொன்றாக வைத்துவந்து, கையில் எஞ்சிய ஒரு துரும்பை உற்று நோக்கினான். “அப்பா, ஓர் ஆட்டைக் காணோம்!” என்றான். இருவரும் மண்டியிட்டுத் தேடினர். குடிலின் பின்புறத் துணி மடிப்பில் அது விழுந்து கிடந்தது. மகனை வாரி அணைத்துக்கொண்ட அக்கையை நாம் கண்டோம்.

நூறு ஆடுகளுள் ஒன்று தவறியதை அறிந்த நல்லாயனும் எண்ணிப் பார்த்தவரன்றோ!