புதிய சாலை செல்லும் வழியில் பழைய குதிரைகள்

சாலை ஒன்று அமைக்க வேண்டுமாயின் முதலில் நிலத்தை அளப்பர். பின்னர் மண்வாரி இயந்திரங்கள் வந்து சேரும். பிரான்சு நாட்டிலோ இவ்விரண்டிற்கும் இடையே மற்றொரு பணியும் உண்டு. அரசு ஆணையிட்டால், தொல்லியலார் அந்நிலத்தை ஆராய்ந்து முடிக்கும் வரை சாலை வேலை காத்திருத்தல் வேண்டும். இதற்கென 2001-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டே இன்ராப் என்னும் தேசிய நிறுவனமும் தோன்றியது.

அந்நாட்டின் நடுப்பகுதியில் உள்ள வில்தியூ-சூர்-ஆந்தர் என்னும் சிற்றூரில் புறவழிச் சாலைக்காக நிலத்தை ஆராய்ந்தபோது, ஒன்பது குழிகளில் 28 குதிரைகளின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இச்செய்தி 2024-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அப்போது இரண்டு குழிகளே முழுமையாகத் தோண்டப்பட்டிருந்தன. ஒன்றில் பத்துக் குதிரைகள், மற்றொன்றில் இரண்டு. எல்லாம் வலப்பக்கமாகச் சாய்த்து, தலை தெற்கு நோக்க, ஒழுங்காகக் கிடத்தப்பட்டிருந்தன. எலும்புகள் இணைப்புக் குலையாமல் இருந்தமையால், இறந்த சிறிது காலத்திற்குள்ளேயே அவை ஒருசேரப் புதைக்கப்பட்டன என்பது தெளிவாகிறது. ஒரேயொரு மாட்டைப் புதைக்கக் குழி வெட்டிய கைகள் அறியும், அஃது எத்துணை உழைப்பு என்பதை!

இவற்றின் காலம் கி.மு. 100-க்கும் கி.பி. 100-க்கும் இடைப்பட்டது. ஒவ்வொன்றும் சுமார் 1.20 மீட்டர் உயரமே. நம் காலத்துப் பந்தயக் குதிரையின் அருகே நின்றால் மட்டக்குதிரை போல் தோன்றும். குதிரையின் வயதைப் பல்லைக் கொண்டு கணிக்கலாம். கோரைப்பல் பெரும்பாலும் ஆண் குதிரைக்கே உரியது.

இவை மாண்டது எங்ஙனம்? கொள்ளை நோயா? நம் தோட்டங்களில் மாடு வளர்த்தோர் நன்கறிவர், கோமாரி கண்டால் பசுவென்றும் கன்றென்றும் பாராது. ஆனால் இக்குழிகளில் கண்டவை யாவும் நான்கு வயது கடந்த ஆண் குதிரைகள். பெட்டையில்லை, குட்டியில்லை. ஆகவே நோய் என்னும் கருத்தைத் தொல்லியலார் விலக்கினர். எஞ்சியவை இரண்டு: போர், அல்லது பலி.

போருக்கு வலுவான காரணம் உண்டு. அந்நிலம் பித்தூரிகர் என்னும் கால் இனத்தாருடையது. கி.மு. 52-இல் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் அவர்களது அவாரிகம் நகரை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். அதே ஆண்டில் போர் நடந்த கெர்கோவியாவின் அருகே, கோந்தோல் என்னுமிடத்தில், எட்டு மனிதரும் எட்டுக் குதிரைகளும் ஒரே குழியில் கிடந்தமை 2002-இல் கண்டறியப்பட்டது. அம்மனிதர்கள் முன்னிருப்பவர் தோளில் கை வைத்தவாறு வரிசையாகக் கிடந்தனர்.

எலும்பில் வெட்டுக்காயம் இல்லையெனில் போர் இல்லையென்று முடிவு செய்துவிடலாகாது. வயிற்றில் பாய்ந்த ஈட்டி எலும்பில் தடம் விடாமலும் போகலாம். எனவே நமக்குப் போர்க் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் இடிக்கிறது. வில்தியூவில் மனிதர் எவரும் குதிரைகளோடு காணப்படவில்லை. ஆனால் தனிக்குழி ஒன்றில் நடுத்தர அளவுள்ள இரண்டு நாய்கள் இருந்தன, அவையும் வளர்ந்தவையே. அவற்றை இடப்பக்கமாகச் சாய்த்து, தலை மேற்கு நோக்க யாரோ கிடத்தியிருந்தனர்.