ஏட்டிலே கரையேறியவர்கள்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் சந்நிதியிலே கல்நந்தி புல்லுண்டு பறங்கியரை வெருட்டிய கதையை அறியாத சிறுவர் நம் படுவான்கரையில் இல்லை. தலைமுறை தலைமுறையாக நாவிலே காத்துவந்த செய்தி அது. வாவியைக் கடந்து எழுவான்கரை சென்றால், அதற்கப்பால் விரியும் பெருங்கடலின் அடியிலும் ஒரு கதை கிடக்கின்றது. அதனைக் காத்து வைத்திருப்பது நாவன்று, ஏடு.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி, திருகோணமலையைத் தாக்கிய யப்பானியர், மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும், அதற்குத் துணைவந்த ‘வாம்பயர்’ என்னும் ஆஸ்திரேலிய நாசகாரியையும் குண்டுவீசி அமிழ்த்தினர். ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் மாண்டனர். ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை மீட்டது.

மாண்டவருள் ஒருவரான கப்டன் ஒன்ஸ்லோவின் பெயரைச் சரித்திர நூல்கள் கூறும். ஏனையோரை யார் கூறுவர்? பெருங்கப்பல்களில் ‘வாரண்டு அதிகாரி’ என்றொரு வகுப்பார் இருந்தனர். பீரங்கிக்கு ஒருவர், கயிறு நங்கூரம் முதலியவற்றுக்கு ஒருவர், தச்சுவேலைக்கு ஒருவர் எனப் பொறுப்பேற்றவர்கள். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பெரும்பாலோர் பதினைந்து பதினாறு வயதிலே சிறுவராகக் கப்பலேறி, பரீட்சை தேறிப் படிப்படியாக உயர்ந்தவர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாறு உயர்ந்த ஒருவரின் சேவைப் பதிவை அவருடைய பேரன் தேடுகிறான் என்று கொள்வோம். லண்டன் நகரில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில், மாலுமிகளுக்கென ஒரு பதிவேட்டுத் தொகுதி உண்டு. பிறந்த நாள், ஊர், முன்செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம், உடலிலுள்ள அடையாளம், பணிசெய்த கப்பல்கள், நடத்தை யாவும் ஆளுக்கொரு பக்கமாக அங்கே உள்ளன. 1908 முதல் சேவை எண்ணுக்கு முன் ஓர் எழுத்தும் இட்டனர். ‘ஜே’ எனில் தளத்து மாலுமி. ‘கே’ எனில் கொதிகலனுக்குத் தீமூட்டுபவர். எண்ணைக் கண்டவுடனே தொழிலும் புலப்பட்டுவிடும்.

ஆனால் இங்கேதான் தேடுவோர் தடுமாறுவர். பதவி உயர்ந்த நாளோடு அந்தப் பக்கம் நின்றுவிடும். மனிதர் இறந்தாரோ, விலகினாரோ என மயங்கி ஏட்டை மூடினால் பாதி வாழ்வு மறைந்துபோம். மிகுதிப் பாதி, அதிகாரிகளின் பதிவேட்டுத் தொகுதியிலே வேறாக இருக்கின்றது. பதவிப் பெயரும் மாறும். ‘தச்சர்’ எனப்பட்டவர் 1918 முதல் ‘வாரண்டு கப்பற்றச்சர்’ ஆனார். பழைய பெயரையே பற்றி நின்றால் அவர் அகப்படார். எழுவான்கரையில் மாத்திரம் தேடிவிட்டு ஆளில்லை என்பது தகுமா? படுவான்கரைக்கும் வரவேண்டுமன்றோ!

போரிலே கடலில் மாண்டு, உடலும் கிடையாத பிரித்தானியக் கடற்படையினர் பலருக்குப் போட்ஸ்மத், பிளிமத், சாதம் ஆகிய துறைமுகநகர்களின் நினைவுத்தூண்களிலே பெயர் பொறித்துள்ளனர். கல்லிலுள்ள பெயரையும் ஏட்டிலுள்ள இரு பாதிகளையும் இணைத்துப் பார்க்கும்போது, நம் கடலில் அமிழ்ந்த ஒருவர் மீண்டும் முழுமனிதராகக் கரையேறுகிறார்.

நம் முன்னோரும் உழைத்தவர்களே. துறைமுகத்திலும் கந்தோரிலும் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் பெற்ற நியமனக் கடிதங்களும் நற்சான்றுகளும் எங்கே? 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் எத்தனையோ வீடுகளின் பெட்டகங்களைப் பறித்துச் சென்றன. எஞ்சியதைச் செல்லரிக்கின்றது.

மாணவர்களே! இன்று மாலை பாட்டனாரின் அருகில் அமருங்கள். முழுப்பெயர், பிறந்த ஊர், வகித்த பதவிகள், அவை மாறிய ஆண்டுகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பழைய கடிதங்களுக்குப் படியெடுத்து, அப்படியை வேறொரு வீட்டில் வையுங்கள். நாவிலுள்ளது ஏட்டிலும் ஏறட்டும்.