காய்க்காத திராட்சைக் கொடியை வெட்டலாமா?

டெல்லியில் டிசம்பர் கடைசியில் திராட்சைக் கொடி இலையெல்லாம் உதிர்த்து வெறும் குச்சியாக நிற்கும். பந்தல் முழுக்கத் தழை மண்டியும் நாலு குலைக்கு மேல் பார்க்காத வீடுகளில், பிடுங்கிவிடலாமா என்ற பேச்சு எழுவது அப்போதுதான். அவசரம் வேண்டாம்.

டெல்லி மண்ணுக்குத் திராட்சை புதிதல்ல. 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் இந்நகரைச் சுற்றிப் போட்ட தோட்டங்களில் திராட்சை விளைந்ததை அக்கால வரலாற்றாசிரியர் அஃபீஃப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் வழக்கம் இங்கே செல்லாது. அங்கே பன்னீர் திராட்சைக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்தை மாற்றி மாற்றி ஆண்டு முழுக்க அறுவடை செய்கிறார்கள். டெல்லியில் ஜனவரியில் ஒரே கவாத்து, மே கடைசி முதல் ஜூன் வரை ஒரே அறுவடை.

அந்த ஒரு கவாத்தில்தான் பலர் விளைச்சலை இழக்கிறார்கள். சென்ற ஆண்டு முற்றிய கிளையின் மொட்டிலிருந்து வரும் புதுத் தளிரில்தான் குலை தொங்கும். எத்தனை மொட்டு விட்டு வெட்டுவது என்பது ரகத்தைப் பொறுத்தது. பெர்லெட்டுக்கு 3, 4 மொட்டு போதும். பூசா சீட்லெஸ்ஸில் அடி மொட்டுகள் பெரும்பாலும் மலடு. 8 முதல் 12 மொட்டு விட வேண்டும். அதையும் பெர்லெட் போல ஒட்ட வெட்டினால், குலை தரும் பகுதி முழுவதும் குப்பைக்குப் போய்விடும்.

வெயிலும் முக்கியம். அடுத்த ஆண்டுக் குலையின் கரு முந்தைய கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகிறது. வேப்பமர நிழலிலோ அடுக்குமாடியின் மறைவிலோ நிற்கும் கொடியில் அது உருவாவதில்லை. அங்கே பழையதைப் பிடுங்கிப் புதியதை வைத்தாலும் தழைதான் மிஞ்சும். அளவுக்கு மீறிய தழைச்சத்து உரமும் இலையைத்தான் வளர்க்கும்.

சரியான கவாத்தும் வெயிலும் இரண்டு பருவம் கொடுத்தும் காய்க்காவிட்டால் மாற்றலாம். தாமதமாகப் பழுக்கும் ரகத்தையும் மாற்றுவதே நல்லது. ஜூன் கடைசி மழையில் பழம் வெடித்து அழுகிவிடும். அப்போதும் வேரோடு பிடுங்கத் தேவையில்லை. அடித்தண்டு நலமாக இருந்தால் அதிலேயே வேறு ரகத்தை ஒட்டுக் கட்டலாம்.

புதிதாக நடுவோருக்கு டெல்லி பூசா வளாகத்தின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா உர்வசி, சாறு பிழிய ஏற்ற பூசா நவரங் ஆகியவை நல்ல தேர்வு. நடவுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களே ஏற்றவை. ரகத்தின் பெயர் சொல்லத் தெரியாத நாற்றுப்பண்ணையில் வாங்காதீர்கள்.