சிகிச்சை முடிந்த பின்பு



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிரியக்கச் சிகிச்சை எல்லாம் பெற்று வீடு திரும்பும் பெண்ணிடம், "அதுதான் சுகமாகிவிட்டதே, இனி என்ன கவலை?" என்று உற்றார் கேட்பதுண்டு. உண்மையில் பலருக்குக் கண்ணீர் வரத் தொடங்குவது அப்போதுதான். சிகிச்சை நாட்களில் மருத்துவரும் நர்சுகளும் அடிக்கடி விசாரித்தார்கள். பக்கத்துக் கட்டில் நோயாளி துணையாயிருந்தாள். இப்போதோ சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை மட்டுமே. இடையில் முதுகு வலித்தாலும், இருமல் வந்தாலும், "திரும்ப வந்துவிட்டதோ?" என்ற பயம்.

ஹார்மோன் சார்ந்த புற்று என்றால் ஐந்து ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட வேண்டும். அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றியவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கை வீங்கலாம். மகளின் கலியாணப் பேச்சு தடைப்படுமோ என்று நோயையே மறைக்கும் தாய்மாரும் உண்டு. இது தொற்றுநோய் அல்ல; ஆயினும் தனித் தம்ளர் வைக்கும் வீடுகள் இருக்கின்றன.

இந்தப் பாரத்தைத் தம் சரீரத்திலேயே அறிந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த டெரீஸ் லாசர் அம்மையார். 1952-ல் தமது மார்பகம் அகற்றப்பட்ட பின்பு, அதே நிலையிலிருந்த பெண்களைத் தேடிப் போனார். கைப்பயிற்சிக்குப் பந்தும் கயிறும், உடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகச் செயற்கை மார்பகமும் கொண்டுபோவார். மருத்துவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அவரோ விடவில்லை. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவருடைய பணியை ஏற்றுக்கொண்டது.

புற்று உடலில் பரவிய 86 பெண்களை ஆராய்ந்த டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், வாரந்தோறும் கூடிப் பேசியவர்கள் சராசரியாக ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்ததாக 1989-ல் எழுதினார். ஆனால் 2001-ல் வெளியான கனடா ஆய்வில், 235 பெண்களிடையே ஆயுள் நீண்டதாகக் காணப்படவில்லை. மிகுந்த மனவேதனையோடும் வலியோடும் வந்தவர்களுக்கு அவை தணிந்தன, அவ்வளவே. அதுவே போதும் என்பது எமது எண்ணம். ஆறுதல் புற்றைக் குணமாக்கும் என்று எந்த நோயாளிக்கும் வாக்குக் கொடுக்கலாகாது. கொடுத்தால், நோய் திரும்பும்போது, "நான் தைரியமாக இராததால்தான் வந்தது" என்று அவள் தன்னையே குற்றப்படுத்துவாள்.

புதிய கருவி வாங்கினால் அதன் படத்தை உங்களுக்கு அனுப்பலாம். பொறுமையோடு கேட்கப் பயிற்சி பெற்ற ஆலோசகரின் சம்பளத்தையோ, மாதக் கூட்டத்திற்கு வரும் கிராமத்துப் பெண்ணின் பஸ் கட்டணத்தையோ படம் பிடிக்க இயலாது. அந்தப் பஸ் கட்டணம் ஐந்தாம் ஆண்டிலும் தேவைப்படுகிறது.